துணைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகில் இருவராகச் செல்லும் பயணத்தின் இன்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன். எவ்வளவு அலை அடித்தாலும் என் கணவரை ஒன்றும் செய்யாது. எனக்கோ கரை மறைவதற்குள்ளேயே குமட்டி வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிடும்.

இது பயத்தால் வருவதன்று; மனத்திடம் இருந்தால் வராமல் போவதுமன்று. உடல் ஆடுவதை உட்காது உணர்கிறது, படகின் அறைக்குள் இருக்கும் கண்ணோ எதிரிலுள்ள சுவர் அசையவே இல்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை தடுமாறுவதால்தான் குமட்டல் உண்டாகிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் வாழ்நாள் முழுவதும் இதனால் அவதிப்பட்டார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினுக்கும் கடைசிவரை கடல் பழகவில்லை.

எங்கள் முதல் நீண்ட பயணத்தில் நான் பேச்சைக் குறைத்ததைக் களைப்பு என்றே என் கணவர் எண்ணினார். கொட்டாவிமேல் கொட்டாவி வந்தது, நெற்றி சில்லென்று வியர்த்தது. ஆனாலும் அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் ‘ஒன்றுமில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடத்தை எடுக்கக் கீழறைக்குள் போன இரண்டு நிமிடத்தில் தாங்க முடியாமல் போயிற்று. ஓடி வந்து படகின் விளிம்பில் குனிந்தபோது என் பாதுகாப்பு வார் எதிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. படகு சாய்ந்த வேகத்தில் அவர் பாய்ந்து என் சட்டையைப் பற்றி இழுத்தார். தோளருகே தையல் விட்டுப்போன அந்தச் சட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். வாந்தி வந்தால் வாளியில்தான், விளிம்புக்குப் போகக் கூடாது என்பது அன்று முதல் எங்கள் படகின் சட்டம்.

நோயுற்றவர் மறைக்கத்தான் பார்ப்பார். ஆகவே முதல் கொட்டாவியிலேயே கவனிக்க வேண்டியவர் நலமாக இருப்பவர்தான். உடனே சுக்கானை நோயுற்றவர் கையில் கொடுத்துத் தொடுவானத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னால் பல வேளைகளில் குமட்டல் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், ஆட்டம் குறைவாக உள்ள படகின் நடுப்பகுதியில் கண்ணை மூடிப் படுக்கவைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் மருந்துப் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன் ஒட்டினால் 3 நாள்வரை பயன் தரும். ஆனால் கண் அழுத்த நோயோ சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கு அது கேடு செய்யக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. இத்தகைய மருந்துகள் பெரும்பாலும் தூக்கத்தையும் வரவழைக்கும். அதனால் கரையில் இருக்கும்போதே ஒருமுறை பயன்படுத்திப் பார்ப்பது நல்லது.

இருவர் செல்லும் படகில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தனியாளாகிவிடுகிறார் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பாயைச் சுருக்குவது, வானொலியில் உதவி கேட்பது, பாயையும் சுக்கானையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்துப் படகை ஏறத்தாழ நிற்கவைத்து ஆட்டத்தைத் தணிப்பது ஆகிய மூன்றையும் இருவருமே தனித்தனியாகச் செய்யக் கற்றிருக்க வேண்டும். கடல் அமைதியாக உள்ள நாள்களில்தான் இவற்றைப் பழக முடியும். பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது இவற்றுக்கும் சிறிது இடம் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பிவிடலாம் என்ற சொல்லும் நலமாக இருப்பவர் வாயிலிருந்தே முதலில் வர வேண்டும்; படுத்திருப்பவர் கெஞ்சும்வரை காத்திருக்கக் கூடாது. என் கணவர் இதுவரை இரண்டு முறை அப்படிச் சொல்லி, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் படகைத் திருப்பியிருக்கிறார். இரண்டாவது முறை கரை சேர்ந்த அன்று மாலையே, அடுத்த பயணம் எப்போது என்று நான்தான் அவரிடம் கேட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்