தள்ளுதற்சீட்டுக்கு விலை பேச விடாதீர்கள்

இஸ்ரேலின் ரபி (யூத மத குரு) நீதிமன்றங்களின் மதிப்பிற்குரிய நீதிபதிகளுக்கு,

வணக்கம். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு உங்கள் நாட்டுக்கு வந்தவள் நான். எங்கள் சட்டத்தைப் பற்றிப் பேச இவள் யார் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மகளுக்குப் போன வாரம் மறுபடியும் வாய்தா கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கணவர் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். யூத முறைப்படி விவாகரத்துக்காகக் கணவர் தரவேண்டிய தள்ளுதற்சீட்டான 'கெட்' வேண்டுமென்றால் வீட்டில் தன் பங்கை இவர் எழுதித் தரவேண்டும், பிள்ளைகளின் ஜீவனாம்சத்தையும் விட்டுவிட வேண்டுமாம். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றதாம் நீதிமன்றம். இதில் பேச என்ன இருக்கிறது?

கெட் என்பது 12 வரி. எழுத்தர் கையால் எழுத, கணவர் அதை மனைவியின் குவித்த கைகளில் போட, மனைவி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாலடி நடந்தால் முடிந்தது. அது கிடைக்காவிட்டால் மறுமணம் கிடையாது. வேறொருவரோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால் அதன் மேல் 'மம்சேர்', அதாவது முறைகேடாகப் பிறந்த பிள்ளை, என்ற முத்திரை விழும். பின்னாளில் அதன் கல்யாணமும் சிக்கல்தான். மணமாகாத பெண்ணிடம் கணவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த முத்திரை இல்லை.

கட்டாயப்படுத்தி வாங்கிய கெட் செல்லாது என்ற உங்கள் பயம் தெரிந்ததுதான். ஆனால் கொடுத்தே ஆகவேண்டியவன் மறுத்தால், 'சம்மதம்' என்று சொல்லும்வரை அடிக்கலாம் என்று உங்கள் பழைய சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறாரே! நான் அடிக்கச் சொல்லவில்லை. கெட் கொடுக்க மறுப்பவரை வழிக்குக் கொண்டுவர வந்த 1995 சட்டம் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, சிறை என்று எல்லாவற்றையும் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. உரிமத்தையாவது பிடுங்குங்கள். கெட்டுக்கு விலை பேச விடாதீர்கள்.

யூத உணவு விதிப்படி சுத்தமானது என்ற கோஷர் சான்றிதழுக்காக லெட்டூஸ் இலையை விளக்கொளியில் வைத்துப் பூச்சி தேடுகிறார்கள் உங்கள் ரபிமார். அந்தக் கவனத்தில் கொஞ்சம் இந்தப் பெண்கள் பக்கமும் திரும்பக்கூடாதா? திருமணம் முறியும்போதும் இருவருக்கும் சம உரிமை என்கிறது 1948 மனித உரிமைப் பிரகடனம். அதை வரைந்தவர்களில் ஒருவரான ரெனே காசன் யூதர். உங்கள் அரசோ 1991-ல் பெண்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோது, திருமணம் பற்றிய பிரிவுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. மத நீதிமன்றத்தில் பெண் நீதிபதி என்ற பேச்சுக்கும் அப்போதே விலக்கு. நல்ல ஏற்பாடு!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த வாய்தாவில் வீட்டுப் பங்கைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பே, கெட்டைக் கொடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவிடுங்கள். மறுத்தால் 1995 சட்டத்தை அன்றைக்கே எடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பணிப்பெண்