தழும்புகளோடு பரமேறியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிறிஸ்து பரமேறிய நாளையொட்டி வியாழனன்று உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈஸ்டருக்குப் பின் நாற்பதாம் நாள், ஒலிவ மலை, மேகம் எல்லாம் சரி. ஆனால் இயேசு உடம்பை இங்கேயே விட்டுவிட்டு ஆவியாக மேலே போனார் என்ற பொருளில் முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் உதைக்கிறது.

உயிர்த்தெழுந்தவர் சீஷர்களிடம் கையையும் காலையும் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்கிறார். அவர்கள் கண்ணெதிரிலேயே பொரித்த மீனைச் சாப்பிடுகிறார். பிறகு பெத்தானியா பக்கம் கூட்டிப்போய், அதே கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கும்போதே எடுத்துக்கொள்ளப்படுகிறார். லூக்கா எழுதியிருப்பது இது. ஆணி பாய்ந்த கையோடுதான் அவர் மேலே போனார்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு என் வேலை காரணம். காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய்க்கென்று 1955 முதல் மருத்துவமனை இருக்கிறது. ஓய்வு பெறும்வரை அங்கே பிசியோதெரபி பிரிவில் இருந்தேன். நரம்பு கெட்டு விரல் மடங்கிப்போன கைக்கு, வேறு தசையின் நாணைக் கொண்டுவந்து விரல்களில் இணைப்பார்கள். டாக்டர் பால் பிராண்ட் 1940களில் வேலூரில் தொடங்கிவைத்த சிகிச்சை அது. கட்டுப் பிரித்ததும் எங்கள் பாடு ஆரம்பம். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இனி விரலை நீட்ட வேண்டும். அதைப் பழக்க வாரக்கணக்கில் ஆகும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, விரல் நீண்டதும் முதலில் செய்தது புடவைக் கொசுவத்தைத் தானே மடித்துச் செருகியதுதான். யாரையும் கிட்டே விடவில்லை! உணர்ச்சி மட்டும் திரும்பாது. டீ டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கைகளுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிதாவின் வலது பாரிசத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறவரே தழும்புக் கைக்காரர்தானே.

இங்கே கீழேதான் இடமில்லை. ஆலயத்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகும் திருவிருந்தில், தொழுநோய் குணமான ஒருவருக்குப் பின்னால் அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்க மனமில்லாமல் வரிசை மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டு மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. இவர் மருந்தே முடித்தவர். சபையை மட்டும் என்ன சொல்வது, கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலேயே தொழுநோய் ஒரு காரணமாக இருந்து 2019இல்தான் நீக்கப்பட்டது. அப்புறம் சுகமளிக்கும் கூட்டங்கள். கை நேராகாவிட்டால் விசுவாசம் குறைவு என்கிறார்கள். ஆண்டவரே தழும்பை மறைக்கவில்லை, இவர்களுக்கு என்ன வந்தது?

வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற சீஷர்களை, ஏன் நிற்கிறீர்கள் என்று வெண்வஸ்திரக்காரர் இருவர் அதட்டித்தான் அனுப்பினார்கள். நாமோ அந்த வியாழனன்று பத்துப் பெரியவர்களோடு ஆராதனையை முடித்துக்கொண்டு, அக்னி வெயிலைக் குறை சொல்லிக்கொண்டே வீடு திரும்புகிறோம்.

அடுத்த ஆண்டு அந்த நாளில் கட்டுரை போட்டால், அடியில் இரண்டு வரி சேருங்கள்: தோலில் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம், மருந்து இலவசம். ஆன்மிகப் பக்கத்திலேயே போடலாம், தப்பில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி