சீமைக்கருவேலமும் ஐந்து மதிப்பெண்ணும்

பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வினாத்தாள் அமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

‘உரைப்பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக’ என்ற பகுதியைப் பற்றித்தான் இந்த மடல். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப்பிடித்து, அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. எழுதியவர் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று பிள்ளை யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. ஒரே பொருளைப் பற்றி இருவர் இருவிதமாக எழுதிய இரண்டு பத்திகளை அருகருகே வைத்து ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கேளுங்கள். தேர்வில் வராதது வகுப்பிலும் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

எப்படிப்பட்ட பத்திகள்? பிள்ளைகள் கண்ணால் பார்த்த பொருளாக இருக்கட்டும். சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’ பத்தி இப்படிப் போகும்: “இம்மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும். இதன் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டுள்ளது. கண்மாய்களிலும் வரத்துக்கால்களிலும் மண்டி நீரோட்டத்தை மறிக்கிறது. அடியோடு அகற்ற வேண்டும்.” ‘ஆ’ பத்தி: “மழை பொய்த்த ஆண்டுகளில் ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் இம்மரத்தை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வேறொன்றும் விளையாத நிலத்தில் விறகு தருவது இந்த மரமே. வெட்டி எறியச் சொல்வோர் மாற்றுப் பிழைப்பையும் சொல்ல வேண்டும்.”

ஒவ்வொன்றும் 120 சொல்லுக்கு மேல் வேண்டாம். இரண்டும் ஒரே தரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைக் கோர்வையாகவும் மற்றதை உளறலாகவும் எழுதிவிட்டால், பிள்ளை நடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடும்.

நாற்பது நிமிடப் பாடவேளை நான்கு போதும். முதல் வேளையில் ‘அ’ மட்டும். கருத்துக்கு நேர்கோடு, ஆதாரத்துக்கு நெளிகோடு. இரண்டாம் நாள் ‘ஆ’வுக்கும் அதேபோல. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் முதலாவதைப் படித்து முடிக்கும் முன்பே பிள்ளைகள் கட்சி பிரிந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் நான்கு கட்டம் போட்ட அட்டவணை: என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், அது அவருக்கு எப்படித் தெரியும், எதைச் சொல்லாமல் விட்டார். நான்காவது கட்டம்தான் கடினம். அதை நிரப்பப் பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள்.

அந்த 53 மீட்டரில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் கண்டது. வேர் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதற்கு அது சான்று. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. ஆழம் வேறு, அளவு வேறு. எண்ணைக் கண்டதும் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள், பெரியவர்களும்தான். ‘இந்த எண் எந்தக் கேள்விக்கு விடை?’ என்று கேட்கப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது. கண்மாய் அடைபடுகிறது என்ற வரியோ நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. எண் இல்லாவிட்டாலும் இந்த இடத்தில் அதற்குத்தான் வலு அதிகம்.

அடுத்த சறுக்கல், ‘ஆ’ தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை, அதனால் ‘அ’ ஜெயித்தது என்று எழுதுவது. ஒருவர் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

நான்காம் நாள் மூன்றாவதாக ஒரு குறும்பத்தி: எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் ஆய்வாளர்கள் இம்மரத் தண்டுகளில் ஏறும் நீரைக் கருவி பொருத்தி அளந்தார்கள், அங்கே இது நிறைய நீரைச் செலவிடுகிறது என்று முடிவு சொன்னார்கள். இது ‘அ’வுக்கு வலுச் சேர்க்கிறது, ஆனால் அந்த மண்ணும் மழையும் வேறு. அதுவரை தாம் கொண்டிருந்த கருத்தை மாற்றலாமா, எந்த அளவுக்கு என்று ஆறு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். மாற்றி எழுதினால் மதிப்பெண் குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் மாற்ற மாட்டார்கள்.

சொல்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று காட்ட நம் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சின்னப் பிள்ளைக்கே தெரியும். பாடநூல் நடையில் அந்த ‘ஆம்’ காணாமல் போய்விடுகிறது. எழுதியவர் தாமே பார்க்காத, அளக்காத வாக்கியங்களில் எல்லாம் அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள்: “நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுமாம்.” யார் சொன்னது என்ற கேள்வி அடுத்த நொடியே வரும். கண்டார், அளந்தார், கருதுகிறார், சொல்லப்படுகிறது ஆகிய நான்கு வினைகளையும் இலக்கணப் பயிற்சியிலேயே சேர்த்துவிடலாம்.

தயவுசெய்து இதைப் பட்டிமன்றமாக மாற்றிவிடாதீர்கள். பட்டிமன்றம் நல்ல கலை, ஆனால் அங்கே தன் அணிக்கு எதிரான சான்றைப் பேச்சாளர் மறைத்தாக வேண்டும். இங்கே அதைத்தான் முதலில் எடுத்துவைக்க வேண்டும். ‘இரண்டும் சரியே’ என்று முடிக்கும் விடைக்கும் மதிப்பெண் வேண்டாம். கண்மாய்க்குள் இருப்பதை முதலில் அகற்றலாம், கரிமூட்டக்காரரின் பட்டா நிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதுபோல எதற்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொன்னால்தான் அது முடிவு. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றச் சொன்னதும், அதே ஆண்டில் சென்னையிலுள்ள முதன்மை அமர்வு அதை இடைக்காலமாக நிறுத்திவைத்ததும் பெரியவர்களுக்கும் இது எளிதல்ல என்று காட்டுகின்றன.

மதிப்பெண் பகிர்வு: இருவர் கருத்தையும் சொந்தச் சொற்களில் சொன்னால் 1, ஒவ்வொருவரின் ஆதாரத்தையும் அந்தந்தக் கருத்தோடு பொருத்தினால் 2, ஆதாரம் கருத்துவரை எட்டாத ஓரிடத்தைக் காட்டினால் 1, காரணத்தோடு முடிவு சொன்னால் 1. எந்தப் பக்கம் என்பதற்கு மதிப்பெண் இல்லை. விடைக்குறிப்போடு முழு மதிப்பெண், மூன்று, ஒன்று பெறும் மாதிரி விடைகளையும் திருத்துவோருக்கு அனுப்புங்கள்.

பாடநூலில் ஆண்டுக்கு இப்படிப்பட்ட மூன்று பத்தி இணைகள் போதும். தேர்வில் மட்டும் பாடநூலில் இல்லாத புதிய இணையே வர வேண்டும். பழைய இணையைக் கேட்டால் அடுத்த மாதமே அதன் விடை நோட்ஸில் அச்சாகி, பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள்