கிணற்றில் கடல்நீர்: ஞாயிறு காலை பரிசோதனை

தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம். புயலில் கடல் பெருக்கு நீர் கரையைத் தாண்டி வந்து, கீழ் லய (வரிசை வீடுகள்) கிணறுகள் உப்புக் கரிக்கின்றன. வரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் கோயில் மண்டபத்தில் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறோம்.

1. கிணற்றை ஒட்ட இறைக்க வேண்டாம், தயவுசெய்து. நல்ல நீர் மேலே மிதக்கும், கனமான உப்புநீர் அடியில் நிற்கும். மேல்நீரை இழுத்தால் அடிநீர் எழும்பி வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கிழக்குக் கரையிலும் ஓயாமல் இறைத்துப் பலனில்லை. மழைதான் மெல்லக் கழுவியது.

2. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். குளோரினும் உப்பை எடுக்காது. கடல்நீர் நூற்றில் 2 பங்கு கலந்தாலே நாக்குக்குத் தெரியும்.

3. பால் மாவு கரைக்க, சமைக்க, இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் குடிக்கக் குழாய் நீர் மட்டுமே.

4. ஞாயிறு காலை, பம்பு போடுமுன், 500 மில்லி போத்தல் இரண்டு எடுங்கள். அதே கிணற்று நீரில் மூன்று முறை அலசி, ஒன்றில் மேலிருந்து ஒரு சாண் ஆழத்து நீர், மற்றதில் அடிக்கு ஒரு முழம் மேலே உள்ள நீர். இரண்டாவதற்குப் போத்தலில் கல் கட்டி, தக்கையைத் தனிக் கயிற்றில் இழுத்துத் திறக்கவும். வாளியில் மொண்டால் இரண்டும் கலந்துவிடும், அளவு தப்பாகும்.

5. வீட்டு எண், ‘மேல்’ அல்லது ‘அடி’ என்று ஒட்டவும்.

6. கீரைப் பாத்திக்கு இந்நீர் வேண்டாம், களிமண் இறுகிவிடும்.

வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணும் ‘வருகிறேன்’ என்றும் இங்கே பதிவிடுங்கள். போத்தல் தூக்க முடியாத பெரியவர்கள் சொன்னால் வந்து எடுத்துக்கொள்கிறோம்.