ஆண்டறிக்கை 2025: பொறையாறு பழைய ரயில் நிலையமும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றங்கள் வழக்கம்போல் நடந்தன. நிலையம் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் வெட்டினோம்; மறுபடி முளைத்துவிட்டது. ஏப்ரல் 16 ரயில் தினக் கூட்டத்துக்குப் பேச்சாளர் வந்தார், கேட்க ஆள் வரவில்லை.

இனி வரலாற்றுப் பலகை. சென்ற பொதுக்குழு இதை என்னிடம் ஒப்படைத்தபோது, நாலு வரி எழுதுவதுதானே என்று பலரும் நினைத்தார்கள். நம் பொறையாறு நிலையம் இருந்த மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை 1926-இல் திறக்கப்பட்டது. அப்போது ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1951-இல் பாதை தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. மாவட்டமோ முதலில் தஞ்சாவூர், 1991 முதல் நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. ஒரு பழைய காகிதம் கேட்டுப் போனால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த ஊரைக் கைகாட்டுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் பாதைக்கு இத்தனை அலைச்சல். பஸ் பெருகியது, வருமானம் குறைந்தது, 1986-இல் ரயிலை நிறுத்தினார்கள். மீட்டர் கேஜ் பாதைகளை அகலப் பாதையாக மாற்றும் திட்டம் 1992-இல் நாடு முழுக்க வந்தபோது மாற்றுவதற்கு நம்மிடம் ஓடும் பாதை இல்லை.

பலகை வாசகம் தயாரானதும்தான் சிக்கல் வந்தது. காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தபோது நம் நிலையத்தில்தான் இறங்கினார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பலகைச் செலவில் பெரும்பங்கு தருவதாகச் சொன்னவரும் அவரே. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட வள்ளியம்மையின் ஊர் என்று காந்தி தில்லையாடிக்கு வந்தது 1915-இல். பாதை வந்தது 1926-இல். பதினோரு ஆண்டுகள் முன்கூட்டியே மகாத்மாவை இங்கே ரயிலில் கொண்டுவந்து இறக்க என்னால் ஆகவில்லை. "ஒரு வரிதானே, ஊருக்குப் பெருமைதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்றார். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள் என்றேன். அன்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு வருவதில்லை, நன்கொடையும் வரவில்லை. கூடவே சிலர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். காந்திக்கும் இவர்கள் சந்தாவுக்கும் என்ன தொடர்பு என்று செயற்குழுவில் கேட்டேன், பதில் இல்லை. அதற்கு முந்திய ஆண்டுகளிலும் இவர்களில் பாதிப்பேர் கட்டவில்லை என்பது பொருளாளரின் நோட்டில் இருக்கிறது.

இன்னொன்று. தரங்கம்பாடிக்கு வாங்கிய பழைய அட்டை டிக்கெட் ஒன்று உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருக்கிறது. படம் எடுக்க ஐந்து நிமிடம் கேட்டேன். இன்றுவரை பீரோச் சாவி கிடைக்கவில்லையாம்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததற்குக் கீழே, செலவு ஏறக்குறைய அதே அளவு. மீதி சிறிது உண்டு. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். தணிக்கை முடிந்தபின் பார்த்தால் நல்லது.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 2026. நம் பாதைக்கு நூறு ஆண்டு. 1898-இல் திறந்து 1980-களில் மூடப்பட்ட பேரளம் - காரைக்கால் பாதையை அகலப் பாதையாக மறுபடி போட்டுவிட்டார்கள். நம் பாதைக்கு மனு கொடுக்கப் போனால், சங்கத்தில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார்கள். சந்தா கட்டியவர் எண்ணிக்கையைச் சொல்லவா, பெயர்ப் பட்டியலைச் சொல்லவா என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். வராவிட்டால், பலகையில் 1926 என்றே இருக்கும். விலகி நிற்கும் மூத்த உறுப்பினருக்கு நூற்றாண்டு விழா அழைப்பிதழை நானே நேரில் கொண்டுபோய்த் தருவேன். நன்கொடை ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்