காரின் மச்சம்

யாழ்ப்பாணம்,
தை மாதம்.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் விட்டது என் பிழை. அதற்குச் சாட்டு ஒன்றும் சொல்லப்போவதில்லை. இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மாஸ்டர் இன்னமும் விடியற்காலையில் சைக்கிளில் கோயிலுக்குப் போய்வருகிறார். கட்டையர் என்னோடு மறுபடியும் கோபம். காரணம் உனக்குத் தெரிந்த அதே வேலிதான். இவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. அதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் இலக்கத்தை அழுத்தினேன். இரண்டு தடவையும் மணி அடிக்க முன்பே வைத்துவிட்டேன்.

கார்த்திகை மழையில் கார்க்கொட்டில் சரிந்து விழுந்தது. அப்பாவின் மொறிஸ் மைனருக்குக் கூரையில் ஒரு நெளிவைத் தவிர வேறு சேதம் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து அதை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு முழு வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். முன்பக்கத்து வளைந்த ஒற்றைக் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து நீளும் அந்தச் சிறிய கை, நீ பிடித்து இழுத்து முறித்த இடப்பக்கத்துக் கை, இன்னும் அப்பா ஒட்டிவைத்தபடியே இருக்கிறது. 948 சி.சி. இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, பிறகு இறுகிவிடுகிறது. 90களில் பெற்றோல் தடையிருந்த காலத்தில், போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய இயந்திரம் அது. அந்த எரிபொருளால் பிளக்கெல்லாம் கரி பிடித்து, என்ஜின் எண்ணெய் நீர்த்துப்போய், வீதி முழுக்க வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு அது ஓடியதையும், 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அதை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் தென்மராட்சிக்கு நடந்ததையும் நீ ரொறன்ரோவிலிருந்து கடிதங்களில் மட்டுமே அறிந்தாய். மறுவருடம் திரும்பி வந்தபோது பற்றறியும் நான்கு ரயர்களும் போயிருந்தன. இலக்கத்தகடு இருந்தது.

இனி அந்தத் தகட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மகளின் கலியாணம் ஆனியில். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அப்பாவின் காரில்தான் மண்டபத்திலிருந்து அழைத்துவர வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். ரிங்கரிங் முடித்து, புதுப் பெயின்ற் அடித்து, குரோமியப் பாகங்களை மினுக்கி, தகட்டையும் புதிதாக எழுதுவித்து எல்லாவற்றையும் கடைப்புதுசாக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கராஜிலிருந்து வந்த பையன் ஒருவன் பின்தகட்டைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் தேய்க்கத் தொடங்கியிருந்தான். நான் தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது அவன் "ஐயா, இதுக்குள்ளே இன்னொரு எழுத்து இருக்கு" என்றான்.

எந்த இடத்தில் என்று உனக்குத் தெரிகிறதா? மச்சம் இருந்த இடத்தில். காருக்கு மச்சம் இருக்கிறது, அதனால்தான் அது எந்தக் கிடங்கிலும் விழாது என்று நீ வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாயே, 1க்கும் நான்கு இலக்கங்களுக்கும் நடுவிலிருந்த ஸ்ரீயின் மேல் படர்ந்திருந்த அந்தப் பழுப்புக் கறை. நாங்கள் அதைத் துரு என்று நினைத்தோம். அது துரு இல்லை, மச்சான். தார். தாரின் மேல் எந்தப் பெயின்றை அடித்தாலும் அது மெல்ல மேலே ஊறிப் பழுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும் என்று கராஜ்காரர் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

பையன் பாதித் தகட்டைத்தான் துடைத்திருந்தான். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்தப் பாதியின் ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நான்கு பூச்சுப் படைகள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் கார் 1958இல் பதிவாகி வந்தபோது எழுதப்பட்ட சிங்கள ஸ்ரீ. அதன் மேல் தார். தாரின் மேல் வெள்ளையில் தமிழ் ஸ்ரீ. அதற்கு மேல் கறுப்பு அடித்து மறுபடியும் சிங்கள ஸ்ரீ. நீயும் நானும் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தது இந்தக் கடைசிப் படையை மட்டுந்தான்.

அந்தக் காலத்தில் நாங்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள். பெரியவர்கள் திண்ணையில் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்ததைத் தவிர நமக்கு நினைவில்லை. அதுவரை சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளையே இரண்டிரண்டாகச் சேர்த்து ஈ.எல்., ஈ.என். என்று வண்டிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். அதை நிறுத்திவிட்டு நாடு முழுவதற்கும் ஒரே எழுத்தாகச் சிங்கள ஸ்ரீயைக் கொண்டுவந்தபோதுதான் இங்கே எதிர்ப்பு எழுந்தது. 1958இல் பேருந்துகள் அரசுடைமையாகி, ஸ்ரீ எழுதிய பேருந்துகள் வடக்குக்கு வந்ததும் தார் வாளியோடு தொண்டர்கள் வீதிக்கு இறங்கினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. தமிழ் ஸ்ரீ எழுதிய வண்டியோடு போய்ச் சிறைக்குச் சென்றவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் வீட்டில் உரத்துப் பேசாத, எந்தக் கூட்டத்துக்கும் போகாத, கந்தோர் விட்டால் வீடு, வீடு விட்டால் வாசிகசாலை என்று வாழ்ந்த என் அப்பா அந்த எழுத்தைத் தன் காரில் எழுதுவித்து ஓட்டினார் என்பது எனக்குத் தெரியாது. எத்தனை நாள் ஓட்டினார், பொலிசார் மறித்தார்களா, அந்த வைகாசிக் கலவரத்துக்குப் பிறகு அம்மா அழுததால் மாற்றினாரா, எதையும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருபது வருடம் அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்து போன நான் அவரிடம் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். இப்போது நித்திரை வராத இரவுகளில் இதுவே மனதில் ஓடுகிறது.

நீ இதையெல்லாம் வாசித்துவிட்டு, நீ சேர்த்த பழைய இலக்கத்தகடுகள் தொங்கும் உன் நிலக்கீழறைச் சுவரை ஒருதரம் பார்க்க வேண்டும். வடமேற்குப் பிரதேசங்களின் வெண்கரடி வடிவத் தகடு கிடைத்த அன்று நீ எனக்கு ஆறு பக்கம் எழுதினாய்; உன் மனைவியின் சத்திரசிகிச்சை பற்றி அரைப் பக்கம். 1903இல் மசச்சூசெற்ஸ் கொடுத்த, இரும்பில் பீங்கான் பூசிய தகட்டைப் பற்றி எழுதும்போது, உடைந்த விளிம்பைக்கூட நிரப்பக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். யுத்தகாலத்தில் உலோகம் இல்லாமல் 1943இல் இலினோய் மாநிலம் சோயாவிலிருந்து செய்த அட்டைத் தகடுகளைக் கொடுத்ததையும், அவற்றை ஆடுமாடுகள் தின்றதையும், ஓரத்தில் பற்குறியுள்ள ஒன்றுக்கு நீ அதிகப் பணம் கொடுத்து வாங்கியதையும் வாசித்து என் மனைவி ஒரு கிழமை சிரித்தாள். நான் அப்போது சிரிக்கவில்லை, இப்போதும் சிரிக்கவில்லை. அந்தப் பற்குறியை நீ பூசி நிரப்புவாயா? அதைத்தான் மகனிடம் கேட்டேன். அவன் தன் திருமணத்துக்கு இல்லையே, தங்கச்சியின் திருமணத்துக்குத்தானே கேட்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

அவனுக்கு நான் காரைக் காட்டியே விளக்கினேன். இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது, மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டு, அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் ஒடுங்கிய அளவில் பம்பர்கள் தயாராகிவிட்டிருந்ததால், ஆரம்பத்து வண்டிகளில் அவற்றை நடுவில் வெட்டி 4 அங்குலத் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலந்தான். மனம் மாறிய இடத்தை மறைக்காமல் அப்படியே நெற்றியில் தாங்கிக்கொண்டு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. அப்படிப்பட்ட காரின் முதுகில் இருக்கிற நான்கு படைகளைச் சுரண்டி எறிய எனக்கு மனம் வரவில்லை. 1901இல் நியூயோர்க்கில், வண்டிச் சொந்தக்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தானே எழுதித் தொங்கவிட வேண்டும் என்று சட்டமே சொல்லியது என்று நீதான் எழுதினாய். இங்கே தன் எழுத்தைத் தான் எழுதியதற்கு மனிதர்கள் சிறைக்குப் போனார்கள். இந்த இரண்டையும் நீ ஒரே சுவரில் வைத்துப் பார்த்திருக்கிறாயா?

இதற்கிடையில் கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர் செய்தி அறிந்து வந்தார். கார் வேண்டாம், தகட்டை மட்டும் தாருங்கள் என்று, காரின் விலையில் கால்வாசியைச் சொன்னார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இனி, நான் தொலைபேசியை இரண்டு தரம் வைத்ததன் காரணத்துக்கு வருகிறேன். அந்தத் தமிழ் ஸ்ரீயின் மேற்சுழி, முடியும் இடத்தில் கிளிமூக்குப் போலக் கீழ்நோக்கி மடிகிறது. கீழ்வளைவு வழக்கத்தைவிட நீளமாக இடப்பக்கம் இழுபட்டு, மெலிந்து, தூரிகையை ஒரே மூச்சில் தூக்கியதுபோல நிற்கிறது. எங்கோ பார்த்த எழுத்து என்று இரண்டு நாள் மனம் குடைந்தது. மூன்றாம் நாள் எண்ணெய் தடவிய தாளில் அதைப் படியெடுத்துக்கொண்டு பிள்ளையார் மடத்துக்குப் போனேன். உள்வாசலில் இருக்கும் பழைய பலகையில் ஸ்ரீ விநாயகர் மடம் என்று எழுதியது உன்னைப் பெற்ற ஐயா. தாளை அந்த ஸ்ரீயின் மேல் பிடித்தேன். பலகையில் எழுத்து பெரிது, அதனால் கோட்டுக்குக் கோடு பொருந்தாது. ஆனால் அந்தக் கிளிமூக்கும் அந்த இழுப்பும் அதே கை. மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப ஊரிலே வேறே ஆர் இப்படி எழுதுவினம்?" என்று மட்டும் சொன்னார்.

வீடு எரிந்தபோது தூரிகைப் பெட்டியோடு ஐயாவின் கைபட்டது எல்லாம் போய்விட்டது, அவர் எழுதிய ஓர் எழுத்துக்கூட என்னிடம் இல்லை என்று நீ ஒருதரம் எழுதியிருந்தாய். உலகமெல்லாம் தேடித் தகடு சேர்க்கிறாய். ஒன்று இங்கே எங்கள் கொட்டிலில், நாம் மச்சம் என்று தொட்டு விளையாடிய இடத்தில் இருந்திருக்கிறது.

மகனோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறேன். காருக்குப் பெயின்ற் அடிக்கலாம். கலியாணத்துக்கு அதே இலக்கத்தில் புதுத் தகடு ஒன்றைப் பூட்டலாம். பழையதில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. அதை அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். தின்னர் பட்ட இடத்தில் வெள்ளை கொஞ்சம் பொரிந்து நிற்கிறது; அதை எப்படி நிறுத்துவது என்று உடனே எழுது, அது மட்டும் பொறுக்காது. மேலே மூடியிருக்கும் மிச்சப் பாதியை உரித்து ஐயாவின் எழுத்தை முழுதாக வெளியே எடுப்பதா, அப்பா அடித்த கறுப்பை அப்படியே விடுவதா என்பதை நான் தனியே முடிவு செய்ய மாட்டேன். ஒன்றை வெளியே எடுத்தால் மற்றது போய்விடும்.

ஆனிக்கு வா. வரும்போது நீ தகடு துடைக்கும் அந்த மென்மயிர்த் தூரிகையையும் கொண்டுவா. இங்கே கிடைப்பவை எல்லாம் தடித்த மயிர்.

உன் அன்பு மச்சான்