நிரல் ஏற்க மறுத்த பேட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளங்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அட்டவணையை உருவாக்குவது, தரவைச் சேர்ப்பது, தேடுவது, திருத்துவது ஆகியவை தெளிவாக விளக்கப்பட்டிருந்தன. ஆனால், ஓர் அட்டவணையில் என்னென்ன நெடுவரிசைகள் உள்ளன, ஒவ்வொன்றின் வகை என்ன, நீளம் எவ்வளவு என்பவற்றை நிரலே தரவுத்தளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என்னிடம் வேலை கற்க வரும் பட்டதாரி இளைஞர்களும் இதை அறியாமலேயே வருகிறார்கள். இது தெரியாததால் நேரும் தொல்லையை நேரில் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வட சென்னையில் லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில், சரக்கு போய்ச் சேரும் ஊரைத் தமிழில் பதிவு செய்யும் நிரல் பயன்பாட்டில் இருந்தது. ராயபுரம், எண்ணூர், மாதவரம், வியாசர்பாடி ஆகிய பெயர்களை அது மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என எந்தப் பேட்டையைத் தட்டச்சு செய்தாலும் பிழை காட்டியது. திருவொற்றியூருக்கும் அதே கதிதான். நிரலுக்குப் பேட்டைக்காரர்களைப் பிடிக்கவில்லை என்று அங்கிருந்த எழுத்தர் வேடிக்கையாகச் சொன்னார்.

காரணம் எளியது. ஊர்ப்பெயருக்கான நெடுவரிசையின் நீளம் 40 என்று ஆரக்கிள் தரவுத்தளத்தில் குறிக்கப்பட்டிருந்தது. நிரலை எழுதியவர் அதை 40 எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் ஆரக்கிளில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் அந்த எண், கணினியில் சேமிக்கும் இடத்தை அளக்கும் அலகான பைட்டுகளையே குறிக்கும். ‘கொருக்குப்பேட்டை’ நம் கணக்கில் 8 எழுத்து. உயிர்மெய்யின் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 16 குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வீதம் மொத்தம் 48 பைட். ‘ராயபுரம்’ 24 பைட்டில் அடங்கிவிடுகிறது. ‘வண்ணாரப்பேட்டை’ 42 பைட் என்பதால் இரண்டே பைட்டில் வெளியே நின்றது. ஆங்கிலத்தில் அடித்திருந்தால் கொருக்குப்பேட்டைக்குப் பத்துப் பைட் போதும்; சோதனையை ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே முடித்துவிட்டதால்தான் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

இதற்குச் செய்யப்பட்ட திருத்தம்தான் எனக்கு வியப்பளித்தது. தரவுத்தளம் பிழை சொல்வதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும் என்று, 40 பைட்டுக்கு மேற்பட்ட பெயரை மறுக்கும் வரி ஒன்றை நிரலுக்குள் எழுதிச் சேர்த்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர் நெடுவரிசையின் நீளத்தை 120 ஆக உயர்த்தினார். நிரலோ பழைய 40ஐயே பிடித்துக்கொண்டு பேட்டைகளைத் தொடர்ந்து திருப்பி அனுப்பியது. அட்டவணையில் இடம் தாராளமாக இருக்க, அதைக் கேட்டுப் பார்க்காத நிரல் வாசலிலேயே கைநீட்டித் தடுத்துக்கொண்டிருந்தது.

அட்டவணையின் அமைப்பை நிரலுக்குள் நகலெடுத்து வைத்ததால் வந்த வினை இது. இதற்கு மாற்று புதிதும் அல்ல. உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வகுத்த எட்கர் காட், 1985இல் வெளியிட்ட விதிகளில் நான்காவதாகவே இதை வைத்தார்: தரவுத்தளம் தன் அமைப்பைப் பற்றிய விவரத்தையும் அட்டவணைகளாகவே வைத்திருக்க வேண்டும், தரவைக் கேட்கும் அதே மொழியில் அதையும் கேட்க முடிய வேண்டும். தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலை இதற்காக ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்ற பகுதியை வரையறுத்தது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்களில் அது உண்டு. ஆரக்கிள் தனக்கென வேறு பெயர்களில் இதே விவரத்தைத் தருகிறது. ஒரு நெடுவரிசையின் நீளம் பைட்டிலா எழுத்திலா என்பதைக் காட்டத் தனிக் குறிப்பே அதில் இருக்கிறது. அந்த அலுவலகத்துக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு குறிப்புதான். ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர், நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி வழியாக, எந்தத் தரவுத்தளம் ஆனாலும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கேட்கலாம்.

‘ஏறத்தாழ’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நீளம் 40 என்றால் மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் எழுத்துக் குறிகளை எண்ணுகின்றன. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் அந்த எண்ணைப் பொருட்படுத்துவதே இல்லை. மேற்கோள் குறியின்றி எழுதிய அட்டவணைப் பெயரை ஆரக்கிள் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்திலும் சேமிப்பதால், ஜேடிபிசி வழியே அட்டவணையின் பெயரைத் தவறான வடிவில் கொடுத்துக் கேட்டால் பிழைச்செய்தி வராது, வெற்றுப் பட்டியல்தான் வரும். பயனருக்கு உரிமை இல்லாத அட்டவணையைக் கேட்டாலும் பெரும்பாலும் அதே வெற்றுப் பட்டியல்தான். அட்டவணையே இல்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டி, புதிதாக ஒன்றை உருவாக்கப் புகுந்த நிரல்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் அமைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை மந்தமாகும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அது நியாயமே. நிரல் தொடங்கும்போது ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அட்டவணை மாற்றப்பட்டால் நிரலை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். அந்த அலுவலகத்தில் நான் செய்ததும் இவ்வளவுதான். 40 என்ற எண்ணை நீக்கிவிட்டு, நீளத்தையும் அளவு முறையையும் தரவுத்தளத்திடமே கேட்கும் சுமார் இருபது வரிகளைச் சேர்த்தேன். அன்று மாலையே தண்டையார்பேட்டை முழுப்பெயருடன் பதிவாகிவிட்டது.

தங்கள் கணினிப் பக்கத்தில் இப்பொருளைத் தமிழ் ஊர்ப்பெயர்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விரிவாக வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தடை இருந்த மாதங்களில் அந்த எழுத்தர் ‘தண்டை’, ‘வண்ணை’, ‘கொருக்கு’ என்று சுருக்கியே பதிந்து வந்திருக்கிறார். ஒரே ஊருக்கு இரண்டு பெயர்களில் கிடக்கும் அந்தப் பழைய பதிவுகளை ரசீதுகளோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை.

இங்ஙனம்,
மென்பொருள் எழுதும் வாசகர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.